விலையும் விறகும்

வலப்பனை மலைச்சாரல்களிற் பறிக்கப்படும் பச்சைக் கொழுந்தில் ஏறத்தாழ முக்காற் பங்கு நீரேயாம். ஆக்கிய தேயிலையிலோ நூற்றுக்கு 3 வீதமளவு நீரே எஞ்சும். ஆகவே, தேயிலை ஆக்கம் என்பது பெரும்பாலும் நீரைப் போக்கும் வேலையே. கொழுந்தை வாட்டும் விசிறிக்கு மின்சாரமும், உலர்த்தும் அடுப்புக்கு விறகும் வேண்டும். இவற்றின் செலவையும் புகையையும் குறைப்பதற்கு விலை எங்ஙனம் துணைசெய்யும் என்பதை ஈண்டு ஆராய்வோம்.

புகையினாற் பிறர்க்கு விளையும் தீங்கு பொருளின் விலையிற் சேர்வதில்லை. அதனை வரியாக விதித்துச் சேர்த்தல் வேண்டுமென்னும் கருத்தை ஆங்கிலப் பொருளியலறிஞர் பிகு 1920ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் விளக்கினார். பின்லாந்து 1990இல் காபன் வரி விதித்தது.

நம் நாட்டிற் காபன் வரி இல்லாவிடினும், தொழிற்சாலைகளின் மின்கட்டணம் நேரத்துக்கேற்ப வேறுபடுகின்றது. மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை கட்டணம் மிகுதி. அதன்பின் விடியற்காலை 5.30 வரை குறைவு. மாலையில் வீடுதோறும் விளக்கெரிதலின், அத்தேவையை நிறைக்க எண்ணெய் எரிக்கும் நிலையங்களும் இயங்கவேண்டியுள்ளது. எனவே, உச்ச நேரத்தில் விசிறியின் வேகத்தைத் தணிப்பவர் தம் பணத்தையும் நாட்டின் எண்ணெயையும் மீதப்படுத்துவர். வேகத்தில் ஐந்திலொன்று குறைப்பின், விசிறி கொள்ளும் மின்வலு ஏறக்குறைய அரைவாசியாகும்.

விறகுக்கும் இதுவே நீதி. நிறுத்து விற்கும் விறகு ஈரமாயின், வாங்குவோர் நீருக்கும் விலை கொடுக்கின்றனர். அந்நீரை ஆவியாக்கவே வெப்பத்தில் ஒரு பகுதி வீணாகின்றது. உலர்ந்த நிறைக்கு விலை பேசின், விற்போரே விறகை உலர்த்திக் கொணர்வர். வெட்டிய மரத்துக்கு ஈடாக மரம் நடுதலும் அவ்விலையில் அடங்கவேண்டும். இன்றேல் மலைச்சரிவு வெறுமையாகும்.

ஆயின், விலையை உயர்த்துதல் மட்டும் போதுமோ? நம் நாட்டு மின்கட்டணம் சராசரியாக 2022 ஆகஸ்டில் 75 வீதமும், 2023 பெப்ரவரியில் 66 வீதமும் உயர்ந்தது. தேயிலையோ பெரும்பாலும் கொழும்பு ஏலத்தில் விலைபோவது. செலவு கூடியதென்று ஆலையார் தாமே விலையைக் கூட்ட இயலாது. வீண்செலவைக் குறைக்க வழியற்றவிடத்து, அச்சுமை கொழுந்து பறிப்போர் கூலியில் வந்து விழக்கூடும். ஆதலின், விலைவழி திரளும் பணத்தின் ஒரு பகுதி, விசிறியின் வேகங்காக்கும் கருவிக்கும் விறகுக் கொட்டகைக்கும் கடனாகத் திரும்பிவருதல் வேண்டும். கூலியைக் குறைத்துப் பெறும் சிக்கனம் சிக்கனமாகாது.

மாணவர்களே, அயலிலுள்ள தொழிற்சாலைக்குச் செல்லுங்கள். ஒரு கிலோ தேயிலைக்கு எத்தனை அலகு மின்சாரம், எத்தனை கிலோ விறகு செலவாகின்றன எனக் கேட்டு எழுதுங்கள். அங்குப் பணிபுரியும் பழைய மாணவர் உங்களுக்கு உதவுவாராக. அளந்தறியாததைக் குறைத்தல் அரிது.