லைக் போட்டவர்கள் எல்லாம் வாசகர்களா?

இணையத்தில் எழுதியோ பேசியோ நாலு பேரைச் சேர்க்க ஆசைப்படும் சேலம், நாமக்கல் பக்கத்துப் பிள்ளைகள் பலர் தொடங்கும் முன்பே சோர்ந்துவிடுகிறார்கள். அதற்குக் காரணம் சில தவறான நம்பிக்கைகள்.

நம்பிக்கை: சென்னைக்குப் போனால்தான் நம்மைக் கவனிப்பார்கள்.

உண்மை: புதுக்கோட்டை மாவட்டம் சின்னவீரமங்கலத்தில் ஒரு தாத்தாவும் பேரன்களும் வயல்வெளியில் அடுப்பு மூட்டிச் சமைத்த வில்லேஜ் குக்கிங் சேனல் 2018-ல் தொடங்கியது. 2021-ல் ஒரு கோடி சந்தாதாரர்களைத் தொட்ட முதல் தமிழ் யூடியூப் சேனலும் அதுதான். இணையம் வருவதற்கு முன்பே, சென்னைக்குப் போகாமல் கவனம் பெறுவது நம் ஊரிலும் நடந்திருக்கிறது. 1970-களில் பரந்தாமன் சேலத்திலிருந்து நடத்திய ‘அஃக்’ சிற்றிதழை இலக்கிய வாசகர்கள் இன்றும் மறக்கவில்லை.

நம்பிக்கை: எல்லாருக்கும் பிடித்ததைப் பேசினால்தான் கூட்டம் சேரும்.

உண்மை: சினிமாவையும் அரசியலையும் பேச ஆயிரம் பேர் இருக்கிறார்கள். குச்சிக்கிழங்கை, அதாவது மரவள்ளியைப் பற்றிப் பேச எத்தனை பேர்? முள்ளுவாடி ரகத்துக்கும் குங்குமரோஸ் ரகத்துக்கும் என்ன வித்தியாசம், சேகோ ஆலையில் கிழங்கின் மாவுச்சத்துப் பாயிண்ட் பார்த்து விலை போடுவது எப்படி என்பதெல்லாம் ராசிபுரம், ஆத்தூர் பக்கம் அன்றாடப் பேச்சு. சில ஆண்டுகளுக்கு முன் மாவுப்பூச்சி வந்து குருத்து சுருண்டு செடிகள் வீணானபோது, இந்த மாவட்டங்களின் விவசாயிகள் வழி தெரியாமல் தவித்தார்கள். பூச்சியை அழிக்க ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து கொண்டுவந்த ஒட்டுண்ணிக் குளவியை 2022 மார்ச்சில் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் உள்ள மரவள்ளி ஆராய்ச்சி நிலையத்தில் வெளியிட்டார்கள். அந்தக் குளவி என்ன செய்யும், அதை விட்ட வயலில் மருந்து அடிக்கலாமா என்று எளிய தமிழில், படத்தோடு எழுதுகிறவரை விவசாயி தேடி வந்து படிப்பார். அடுத்த சந்தேகத்துக்கும் அவரிடமே வருவார். லட்சம் பேர் தள்ளிவிட்டுப் போகும் காணொளியைவிட எனக்கு இது பெரிதாகப் படுகிறது.

நம்பிக்கை: பின்தொடர்வோர் எண்ணிக்கை நம் சொத்து.

உண்மை: ஆர்க்குட் 2014-ல் மூடப்பட்டது, கூகுள் பிளஸ் 2019-ல். 2020 ஜூன் 29 அன்று டிக்டாக்குக்குத் தடை வந்தபோது, கிராமத்துக் கலைஞர்கள் எத்தனையோ பேர் சேர்த்த கூட்டம் ஒரே இரவில் கைவிட்டுப் போயிற்று. வாடகை வீட்டில் சுவர் கட்டுவது போலத்தான் இது. சமூக ஊடகத்தில் ஆளைப் பிடியுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் எழுதியதெல்லாம் சொந்தத் தளத்திலும் இருக்கட்டும். விருப்பப்பட்டுத் தருகிறவர்களின் மின்னஞ்சல் முகவரியையும் வாங்கி வையுங்கள்.

நம்பிக்கை: நன்றாக எழுதினால் போதும், ஆட்கள் தானாக வருவார்கள்.

உண்மை: 2004-ல் காசி ஆறுமுகம் தொடங்கிய தமிழ்மணம் திரட்டி, சிதறிக் கிடந்த தமிழ் வலைப்பதிவுகளை ஒரே இடத்தில் காட்டியது. புதிய இடுகைகளோடு, அண்மையில் மறுமொழி வந்த இடுகைகளையும் அது தனியே பட்டியலிட்டது. பேச்சு நடக்கும் இடத்துக்கு ஆட்கள் வந்தார்கள். பதிவர்கள் ஒருவர் எழுதியதை மற்றவர் படித்தார்கள், சண்டையும் போட்டார்கள். அன்றைய தமிழ்ப் பதிவுலகம் வளர்ந்தது அப்படித்தான்.

ஆகவே எழுதும் நேரத்தில் ஒரு பகுதியை மறுமொழிக்கு ஒதுக்குங்கள். “எங்க காட்டுலயும் குருத்து சுருண்டு கிடக்குதுங்க, என்ன பண்றது?” என்று ஒருவர் கேட்டால் அன்றைக்கே பதில் போடுங்கள். தெரியாவிட்டால் ஏத்தாப்பூரில் விசாரித்துச் சொல்லுங்கள். அடுத்த பதிவை அந்தக் கேள்வியிலிருந்தே எழுதலாம்.