வானத்து ஒற்றன்

ஒற்றன் என்றவுடன் நமக்கு நினைவுக்கு வருபவன் மாறுவேடம் பூண்டு, பகைவர் ஊரில் கால்நடையாய்ச் சுற்றி வருகிறவன். திருக்குறளிலும் ஒற்றாடலுக்கென ஓர் அதிகாரம் உண்டு. நான் இங்கே எழுதப் புகுவது வேடம் எதுவும் பூணாமல், தலைக்கு மேலே 20 கிலோமீட்டர் உயரத்தில் செல்லும் ஒற்றனைப் பற்றி. நம்மைச் சுமந்து செல்லும் பயணிகள் விமானம் பறப்பது ஏறக்குறைய 11 கிலோமீட்டர் உயரத்தில்தான். இவன் அதற்கும் மேலே, இன்னும் ஏறக்குறைய அவ்வளவு தொலைவு ஏறிச் செல்பவன்.

உளவு விமானம் என்று பேச்செடுத்தால் நம் மாணவ நண்பர்கள் அமெரிக்காவின் யூ-2 விமானத்தையே சொல்லுவர். நம் நாட்டிலேயே அத்தகைய விமானம் இருபத்தைந்து ஆண்டுக்காலம் பறந்தது என்பதைச் சிலரே அறிவர். 1981-ஆம் ஆண்டு சோவியத் நாட்டிலிருந்து மிக்-25 என்னும் விமானங்கள் நம் வான்படைக்கு வந்தன. ஒருவர் ஓட்டுவன ஆறு. பயிற்சிக்கென இருவர் அமர்வன இரண்டு. உத்தரப் பிரதேசத்துப் பரேலி நகரில் 102-ஆம் படைப்பிரிவு அவற்றைக் கையாண்டது. கருடன் என்று பெயரிட்டார்கள். உயரப் பறந்து கூர்ந்து பார்ப்பதற்கு அதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது.

இவ்வளவு உயரம் போவதில் என்ன இடர்? அதைத்தான் சற்று விரிவாகக் காண வேண்டும்.

உதகமண்டலத்தில் அரிசி வேக நேரமாகும் என்று நம் வீட்டுப் பெண்கள் சொல்வார்கள். கடல்மட்டத்தில் 100 பாகையில் கொதிக்கும் நீர் அங்கே 92, 93 பாகையிலேயே கொதித்துவிடுகிறது. மேலே போகப் போகக் காற்றின் அழுத்தம் குறைகிறது. அழுத்தம் குறையக் குறைய நீர் எளிதில் ஆவியாகிறது. என் ஆய்வுக்கூடத்தில் கண்ணாடிக் கலம் ஒன்றில் ஒரு கிண்ணம் நீரை வைத்துக் காற்றை வெளியேற்றும் பம்பை ஓட்டுவதுண்டு. அழுத்தம் இருபத்தெட்டில் ஒரு பங்காகக் குறையும்போது, அடியில் நெருப்பே இல்லாமல் அந்த நீர் தளதளவெனக் கொதிக்கத் தொடங்கும். முதல் முறை காணும் எவரும் கிண்ணத்தைத் தொட்டுப் பார்க்காமல் விடுவதில்லை. கிண்ணம் சூடேறியிராது; குளிர்ந்துதான் இருக்கும்.

நம் உடலின் வெப்பம் 37 பாகை. அந்த வெப்பத்தில் நீர் கொதிக்கும் உயரம் சுமார் 19 கிலோமீட்டர். அதற்கு மேல் காப்பின்றி ஒருவன் அகப்பட்டால் அவன் கண்ணீரும் உமிழ்நீரும் கொதிக்கும். இரத்தமும் கொதித்துவிடும் என்று சிலர் எழுதுவது மிகை. குழாய்களுக்குள் இருக்கும் இரத்தம் உடலின் இறுக்கத்தால் காக்கப்படுகிறது. ஆயினும் பத்துப் பதினைந்து நொடிகளில் நினைவு தப்பிவிடும்.

"பிராணவாயு முகமூடி இருக்கிறதே, அது போதாதா?" என்று என் அறைத்தோழர் ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. 20 கிலோமீட்டர் உயரத்தில் காற்றின் அழுத்தம் முழுவதும் சேர்ந்தே 41 மில்லிமீட்டர் பாதரசம்தான். நம் நுரையீரலுக்குள் இருக்கும் நீராவியின் அழுத்தம் மட்டுமே 47 மில்லிமீட்டர். வீடு முழுவதும் நீராவியே நிறைந்து கிடக்கையில் பிராணவாயு எந்த வாசல் வழியே உள்ளே நுழையும்? தூய பிராணவாயுவையே மூக்கில் வைத்தாலும் பயனில்லை. அழுத்தத்தையே உடன் கொண்டுபோக வேண்டும். விமானியின் அறை அழுத்தம் ஊட்டப்பட்டதுதான். கண்ணாடி உடைந்தாலோ இயந்திரம் நின்றாலோ அது போய்விடுமே! ஆகவே விமானி உடல் முழுவதையும் மூடும் அழுத்த உடை அணிகிறான். விண்வெளி வீரனின் உடைக்கு அண்ணன் தம்பி முறையானது அது. யூ-2 விமானிகள் புறப்படுமுன் ஏறக்குறைய ஒரு மணி நேரம் தூய பிராணவாயுவை மட்டும் சுவாசித்து உட்கார்ந்திருப்பர். இரத்தத்தில் கரைந்துள்ள நைட்ரஜனை வெளியேற்றவே இந்தத் தவம். செய்யாவிட்டால், கோலிசோடாவைத் திறந்ததும் பொங்குவதுபோல் நைட்ரஜன் குமிழிகள் உடலுக்குள் கிளம்பி மூட்டுகளையும் மூளையையும் தாக்கும். இத்தகைய ஆராய்ச்சிக்கும் பயிற்சிக்கும் நம் வான்படை 1957-இலேயே பெங்களூரில் ஒரு மருத்துவ நிலையம் அமைத்தது.

உடல் ஒருபுறம் இருக்க, விமானம் அங்கே எப்படி நிற்கிறது? 20 கிலோமீட்டரில் காற்றின் அடர்த்தி ஏறக்குறைய பதினான்கில் ஒரு பங்கு. அந்த மெல்லிய காற்றில் இறக்கைக்குத் தாங்கல் வேண்டுமானால் இரண்டே வழி. இறக்கையை மிக நீளமாக்கலாம். இல்லையேல் வேகத்தை மிகப் பெருக்கலாம். அமெரிக்கர் முதல் வழியை மேற்கொண்டனர். யூ-2 விமானத்தின் உடல் சிறிது. இறக்கையோ நுனிக்கு நுனி 24 மீட்டர். உச்ச உயரத்தில் அதன் நிலைமை இரங்கத்தக்கது. சற்று மெதுவாகப் போனால் தாங்கல் இழந்து விழும். சற்று விரைந்தால் ஒலியின் வேகத்தை நெருங்கி நடுங்கி உடையும். இரண்டுக்கும் இடையே உள்ள இடைவெளி சில வேளைகளில் மணிக்கு 18 கிலோமீட்டர்தான். நாம் சைக்கிள் ஓட்டும் வேகம் அது! அந்த ஒற்றையடிப் பாதையில் பல மணி நேரம் பறந்தனர்.

சோவியத் அறிஞர் இரண்டாம் வழியைக் கைக்கொண்டனர். மிக்-25 ஒலியைப்போல் இரண்டரை மடங்கு வேகத்தில் விரையும். உச்ச வரம்பு 2.83 மடங்கு. நம் பாண்டுப் நிலையத்திலிருந்து சி.எஸ்.டி. வரை ரயில்பாதை சுமார் 27 கிலோமீட்டர். மெது லோக்கலில் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏறக்குறைய ஒரு மணி நேரம் தொங்குகிறோம். மிக்-25 அதை 37 நொடியில் கடக்கும். ஆனால் வேகத்துக்கு விலை உண்டு. முன்னே உள்ள காற்று விலக நேரமின்றி நசுங்கிச் சூடாகிறது. வெளியே குளிர் கழித்தல் 56 பாகை. மூக்கு நுனியிலோ, ஒலியின் இரண்டரை மடங்கு வேகத்தில், கணக்குப்படி 215 பாகை. சாதாரண அலுமினியம் இந்தச் சூட்டில் வலுவிழக்கும். ஆகையால் விமானத்தில் சுமார் 80 விழுக்காட்டை நிக்கல் கலந்த எஃகாலேயே செய்தனர். எஃகு கனமானது; கனத்தைத் தூக்கப் பெரிய இயந்திரம் வேண்டும்; பெரிய இயந்திரத்துக்குப் பதினைந்து டன் எரிபொருள் வேண்டும். ஒன்றைத் தொட்டால் ஒன்று!

திரும்புவதும் எளிதன்று. இரண்டரை மடங்கு வேகத்தில் 45 பாகை சாய்ந்து திரும்பினால் வட்டத்தின் ஆரம் 55 கிலோமீட்டர் வரும். நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். பாண்டுப்பின் மேல் திரும்பத் தொடங்கினால் திரும்பி முடிக்கும்போது ஏறக்குறையப் புனேயின் மேல் இருப்போம். எல்லையை ஒட்டிப் பறப்பவனுக்கு இது விளையாட்டன்று. ஒரு நொடி தாமதித்தால் முக்கால் கிலோமீட்டர் அயல்நாட்டுக்குள் போய்விடுகிறான்.

கேமராவின் பாடும் திண்டாட்டமே. ஒரு மீட்டர் குவியத் தூரமுள்ள வில்லை கொண்டு 20 கிலோமீட்டரிலிருந்து படமெடுத்தால், தரையில் ஒரு மீட்டர் நீளமுள்ள பொருள் பிலிமில் ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்காகத் தெரியும். ஐந்நூறில் ஒரு நொடி திறந்திருந்தாலும் அதற்குள் விமானம் ஒன்றரை மீட்டர் நகர்ந்திருக்கும்; படம் கலங்கிவிடும். எனவே படம் பதியும் வேளையில் பிலிமையும் அதே கதியில் நகர்த்துவதுண்டு. எனக்கு இயந்திரத்தைவிட இந்த உபாயமே அழகாகத் தோன்றுகிறது.

வரலாற்றையும் சிறிது பார்ப்போம். 1959 ஏப்ரல் 10 அன்று நம் வான்படையின் கான்பெர்ரா விமானம் ஒன்று ராவல்பிண்டி அருகே சுட்டு வீழ்த்தப்பட்டது. அதில் சென்ற சென்குப்தா, ராம்பால் இருவரும் குதித்து உயிர் தப்பினர். பின்னர் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டனர். மறு ஆண்டு மே முதல் நாள், நாம் வாழும் மகாராஷ்டிர மாநிலம் பிறந்த அதே நாளில், பெஷாவரிலிருந்து கிளம்பிய யூ-2 சோவியத் மண்ணில் ஏவுகணையால் வீழ்ந்து, விமானி பவர்ஸ் பிடிபட்டார். உயரம் மட்டுமே காப்பு என்ற நம்பிக்கை அன்றே போயிற்று. வேகமும் சேர வேண்டும் என்பதற்கு அதைவிடச் சான்று தேவையில்லை.

1962-இல் சீனப் போருக்குப் பின் யூ-2 நமக்கும் உதவியது. எல்லைப் பகுதியின் மேல் பறக்க நேரு இசைந்தார். ஒரிசாவிலுள்ள சார்பாத்தியா தளத்திலிருந்து 1964 மே 24 அன்று முதல் பயணம் நடந்தது. மூன்றாம் நாள் நேரு மறைந்தார், பணி நின்றது. அதே ஆண்டு டிசம்பரில் மீண்டும் சில பயணங்கள் நடந்தன. 1967-இல் அங்கிருந்த ஏற்பாடு கலைக்கப்பட்டது. அமெரிக்க ஆவணங்கள் 2013-இல் வெளியான பிறகே இவை பொதுமக்களுக்குத் தெளிவாயின.

பிறர் முற்றத்தை மதிலேறிப் பார்ப்பது முறையா என்று நம் சங்கக் கூட்டத்தில் ஒரு தங்கை வினவினார். முறையன்றுதான். ஆனால் 1962-இல் மலைகளுக்கு அப்பால் என்ன நடக்கிறதென்று தெரியாமல் நம் வீரர் பட்ட பாட்டை எண்ணினால், பாராதிருப்பதும் முறையென்று சொல்ல என் நா எழவில்லை. எல்லைக்கு இப்பாலிருந்தே சாய்வாகப் பார்க்க முடிந்தவரை பார்க்கலாம் என்பது என் கருத்து. 20 கிலோமீட்டர் உயரத்தில் அடிவானம் 500 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. பார்ப்பதற்கு இடமா இல்லை? 1997-இல் பாகிஸ்தானின் மேல் மிக்-25 ஒன்று ஒலியை மீறிய இடியோசையை எழுப்பிச் சென்றதாகப் பத்திரிகைகள் எழுதின. 1999 கார்கில் போரிலும் இவ்விமானங்கள் பணியாற்றின. நம் மிக்-25 ஒன்றுகூட எதிரியின் குண்டுக்கு இரையாகவில்லை. அவற்றை ஓட்டியவர்களின் பெயர்களோ நம்மில் பெரும்பாலோர்க்குத் தெரியா. ஒற்றர் தொழிலின் இயல்பு அது.

பின்னர் செயற்கைக்கோள்கள் வந்தன. 2001-இல் ஒன்றும் 2005-இல் கார்ட்டோசாட்-1-உம் நம் மண்ணிலிருந்தே ஏறின. செயற்கைக்கோளுக்கு எல்லை மீறல் இல்லை. ஆனால் வரும் நேரம் பகைவனுக்கும் தெரியும், அதற்குள் பொருள்களை மூடி வைத்துவிடலாம். விமானம் அப்படியன்று. ஆயினும் உதிரிப் பாகங்கள் கிடைப்பது அரிதாகி, 2006 மே முதல் நாள் கருடன் ஓய்வு பெற்றது.

தில்லி செல்லும் நண்பர்கள் பாலம் வான்படைக் காட்சிசாலையில் ஒன்றைக் காணலாம். முன்புறத்தில் இருபக்கமும் உள்ள காற்றுவாய்களைக் கவனியுங்கள்; சிறு அறைக்கதவு அளவுக்கு இருக்கும். பிறகு விமானி அமரும் இடத்தைப் பாருங்கள். அந்த எஃகு மலையில் மனிதனுக்கு ஒதுக்கியது எவ்வளவு சிறிய இடம் என்பது தெரியும்.