விண்மீனும் விளக்கும்

உமாசுவாமிகள் அருளிய தத்துவார்த்த சூத்திரத்தின் நான்காம் அத்தியாயம் ஜோதிஷ்க தேவர்களைச் சூரியர், சந்திரர், கிரகங்கள், நட்சத்திரங்கள், சிதறிய தாரகைகள் என ஐவகையாகப் பகுக்கிறது. இவற்றுள் இறுதி வகையைப் பிள்ளைகளுக்கு நேரில் காட்டுவது நகரங்களில் இன்று அரிதாகிவிட்டது. கார்த்திகை மீன்கூட்டத்தை எண்ணச் சொன்னால், கூட்டம் எங்கே என்று நம்மையே கேட்கிறார்கள்.

மீன்கள் மறையவில்லை. தெருவிளக்கின் ஒளியில் ஒரு பகுதி மேலெழுந்து, காற்றிலும் தூசியிலும் பட்டுச் சிதறி, வானில் வெண்திரையென விரிகிறது. நீலம் மிகுந்த எல்.இ.டி. ஒளி, பழைய மஞ்சள் சோடிய ஒளியினும் அதிகமாகச் சிதறும். 2016-இல் வெளியான உலக வரைபடத்தின்படி, மனிதரில் மூன்றில் ஒரு பங்கினர்க்கும் மேல் தம் இருப்பிடத்திலிருந்து பால்வீதியைக் காண இயலாது.

செயற்கைக்கோள்களும் சேர்ந்துள்ளன. 2019 மே மாதத்தில் ஸ்டார்லிங்க் கோள்கள் அறுபது ஒரே ஏவுதலில் சென்றன, பின்னர் பல்லாயிரமாயின. ஏறத்தாழ 550 கி.மீ. உயரத்தில், நமக்கு இருட்டிய பின்னும் அவற்றின்மீது வெயில் படுவதால், அவை ஊர்ந்து செல்லும் மீன்களாகத் தோன்றுகின்றன. தொலைநோக்கிப் படங்களில் கோடிழுக்கின்றன. இதனை நாம் விளக்கணைத்துத் தீர்க்க இயலாது.

நம் கையில் உள்ளது விளக்கே. இரவுண்ணாமையை நம் முன்னோர் விதித்த காரணங்களுள், விளக்கை நாடி வரும் சிற்றுயிர்கள் மடியும் என்பதும் ஒன்றன்றோ! விட்டில் நாலறிவுயிர். ஒளிமிக்க வானத்தை நோக்கி முதுகை வைத்துப் பறப்பது பூச்சிகளின் இயல்பு என்றும், விளக்கருகே அவ்வியல்பே அவற்றைச் சுழலவைக்கிறது என்றும் 2024-இல் வெளியான ஆய்வொன்று காட்டிற்று. பெற்ற கண்ணே கேடாகிறது. அந்திக்குமுன் உண்டு முடிக்கும் நாம், மானஸ்தம்பத்தின்மீது விடியுமளவும் ஒளிவெள்ளம் பாய்ச்சுவது எங்ஙனம் பொருந்தும்? ஒரு ஜினாலயத்தில் காலையில் பெருக்கிக் குவித்த சிறகுகளைக் கண்டு நாம் வாய்பேசாது நின்றோம். அழகுக்காக என்றார்கள்.

லடாக்கிலுள்ள ஹான்லேயில் 2022-இல் இருள்வான் காப்பகம் அமைந்தபின், ஊரார் விளக்குகளுக்கு மூடியிட்டனர், சன்னல்களுக்குத் திரையிட்டனர். ஊரிருள் அதனால் கெடவில்லை. வழிநடக்க ஒளியும் குறையவில்லை. நம் ஆலய நிர்வாகிகளும் மாலைப் பூசை முடிந்ததும் ஒளிவெள்ள விளக்கை அணைக்கலாம். காவலுக்கு வேண்டிய விளக்கை மேல்மூடியிட்டு, மஞ்சள் நிறத்தில், தரை நோக்கி அமைக்கலாம்.

பயிற்சி: மார்கழியில் நிலவற்ற முன்னிரவொன்றில் கார்த்திகை மீன்களை எண்ணுக. ஆலய விளக்கு எரிகையில் ஒருமுறை; அணைத்துக் கால்மணி நேரம் கழித்து மறுமுறை. இரு எண்களையும் குறித்து ஆலய நிர்வாகியிடம் காட்டுக.