ஒரு தொலைபேசியும் மூன்று பிள்ளைகளும்

2020 மார்ச் 12 ஆம் திகதி மாலை, மறுநாள் முதல் நாட்டிலுள்ள பாடசாலைகள் மூடப்படும் என்று செய்தியில் சொன்னார்கள். கொட்டாஞ்சேனைத் தொடர்மாடியில் உள்ள எங்கள் வீட்டில் மூன்று பிள்ளைகளும் கைதட்டி மகிழ்ந்தோம். நான் தரம் 11, தம்பி தரம் 5, தங்கச்சி தரம் 2. உம்மா மட்டும் எதுவும் பேசாமல் அரிசி வாளியைத் திறந்து பார்த்தார். அவர் அன்று பார்த்தது எது என்பது எனக்குப் பின்னர்தான் விளங்கியது.

மார்ச் 20 இல் நாடு முழுவதும் ஊரடங்குச் சட்டம் வந்தது. கொழும்பு மாவட்டத்தில் அது மே 26 வரை நீடித்தது. உலகளவில் அப்போது 150 கோடிக்கும் மேற்பட்ட மாணவர்கள் வகுப்பறைக்கு வெளியே இருந்ததாக யுனெஸ்கோ கணக்கிட்டது. அந்தப் பெரிய எண்ணிக்கையில் எங்கள் வீட்டின் மூவரும் அடக்கம். வீட்டில் அடைபட்ட பிள்ளைகளும் பெற்றோரும் எப்படி மனம் கெடாமல் வாழலாம் என்பதை, எங்கள் வீட்டையே உதாரணமாக வைத்து இங்கு ஆராய்கிறேன்.

நெருக்கடியின் காரணங்கள்

முதலாவது இடம். இரண்டு அறைகளில் உம்மும்மாவுடன் சேர்த்து ஆறு பேர். இரண்டாவது வருமானம். வாப்பா முச்சக்கர வண்டி ஓட்டுபவர். வண்டி நின்றதும் வரவும் நின்றது. அரசாங்கம் கொடுத்த 5000 ரூபாய் கொடுப்பனவு பெரும் உதவிதான், ஆனாலும் ஆறு வயிறுகளுக்கு அது எத்தனை நாளைக்குப் போதும்? மூன்றாவது நிச்சயமின்மை. பாடசாலை எப்போது திறக்கும், பரீட்சை எப்போது நடக்கும் என்று யாருக்கும் தெரியாது. பெரியவர்களின் பயம் சொல்லாமலே பிள்ளைகளுக்குள் இறங்கிவிடுகிறது.

இவற்றோடு ஒரே ஒரு கையடக்கத் தொலைபேசி. தம்பியின் புலமைப்பரிசில் வினாத்தாள்கள் வட்ஸ்அப்பில் வரும் நேரத்தில்தான் எனக்குக் கணித வகுப்பு சூமில் தொடங்கும்.

ஒரு மாலை நடந்தது

ஏப்ரல் நடுப்பகுதியில் ஒருநாள், வாரம் முழுவதற்கும் என்று போட்ட டேட்டா இரண்டே நாளில் முடிந்தது. “கேம் விளையாடினியா?” என்று வாப்பா தம்பியிடம் கேட்டார். அவன் இல்லை என்றான். குரல் உயர்ந்தது. வாப்பாவின் கை நீண்டது. அதுவரை அவர் எங்கள் யாரையும் அடித்ததில்லை.

டேட்டாவை முடித்தவள் நான். முந்திய இரவு எல்லோரும் உறங்கியபின் போர்வைக்குள் வீடியோ பார்த்தேன். தம்பி அடி வாங்கும்போது நான் பக்கத்திலேயே நின்றேன், வாய் திறக்கவில்லை.

அன்றிரவு தம்பி சாப்பிடவில்லை. அதன்பின் உம்மாவின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டே உறங்கத் தொடங்கினான். பத்து வயதுப் பிள்ளை மீண்டும் சின்னப் பிள்ளையாவது, சாப்பாட்டை மறுப்பது, காரணமில்லாமல் எரிந்து விழுவது ஆகியவை மன அழுத்தத்தின் அடையாளங்கள். நாங்கள் அவற்றை அடம் என்றும் சோம்பல் என்றும் சொல்லிக் கடந்து போகிறோம்.

இரண்டு நாட்கள் கழித்து வாப்பாவிடம் உண்மையைச் சொன்னேன். அவர் என்னை ஏசவில்லை. தம்பியை அழைத்து, “வாப்பா கோவத்துல அடிச்சிட்டேன். மன்னிச்சிக்கோ மகன்” என்றார். தம்பி முதலில் என்னைத்தான் பார்த்தான். “தாத்தா, நீங்க அன்டைக்கே சொல்லியிருக்கலாமே” என்றான். அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை.

நாங்கள் செய்த மாற்றங்கள்

பழைய நாட்காட்டியின் பின்பக்கத்தில் நேரசூசி எழுதிச் சுவரில் ஒட்டினோம். யாருக்கு எந்த நேரம் தொலைபேசி என்பது அதில் இருந்தது. நேத்ரா தொலைக்காட்சியில் ஒளிபரப்பான ‘குருகெதர’ பாடங்களையும் சேர்த்துக்கொண்டோம், அதற்கு டேட்டா தேவையில்லை. அடுத்து என்ன என்று தெரிந்தால் பிள்ளையின் மனம் அமைதியடைகிறது.

உலக சுகாதார நிறுவனமும் யுனிசெப்பும் இணைந்து அக்காலத்தில் பெற்றோருக்கு வழங்கிய ஆலோசனைகளில் ஒன்று, ஒவ்வொரு பிள்ளைக்கும் தினமும் 20 நிமிடமாவது தனியே ஒதுக்குவது. அதைப் பங்கிட்டோம். தம்பியோடு வாப்பா கரம் விளையாடினார். தங்கச்சி உம்மும்மாவிடம் பழைய கதை கேட்டாள். நான் உம்மாவோடு மரக்கறி நறுக்கினேன். கோபம் வந்தால் பத்து விநாடி நிறுத்தி, ஐந்து முறை மெதுவாக மூச்சு விடவேண்டும் என்பது இன்னொரு ஆலோசனை. வாப்பா அப்போது படிக்கட்டில் போய் அமர்வார். அவர் அமர்ந்தால் நாங்கள் காத்திருக்கப் பழகினோம்.

ஏப்ரல் இறுதியில் நோன்பு தொடங்கியது. பள்ளிவாசல்கள் மூடியிருந்தன. வாப்பா வீட்டிலேயே இஷாவும் தராவீஹும் தொழுவித்தார், இஷாவுக்குத் தம்பி இகாமத் சொன்னான். அந்தப் பொறுப்பு அவனை மீண்டும் நிமிர வைத்தது.

வசதி மட்டும் போதுமா?

வெள்ளவத்தையில் வசிக்கும் பெரியம்மா வீட்டில் பிள்ளைகளுக்குத் தனித்தனி அறையும் டெப்லட்டும் இருந்தன. அங்கு சண்டை இல்லை, ஆனால் பேச்சும் இல்லை. சாப்பாட்டு நேரத்திலும் கதவுகள் மூடியே இருந்ததாகப் பெரியம்மா உம்மாவிடம் அழுதார். எங்களுக்கு இடநெருக்கடி, அவர்களுக்குத் தனிமை. அதற்காக வறுமையை நான் பெருமையாகச் சொல்லவில்லை. நேரசூசி அரிசி வாளியை நிரப்பாது. அதை நிரப்பியவர்கள் அயலவர்கள். குடும்ப நலன் ஒரு வீட்டுக்குள் மட்டும் தீரும் விடயமல்ல.

வீட்டில் அடி தொடர்ந்தால் வெளியே உதவி கேட்பது வெட்கமல்ல. சிறுவர் பாதுகாப்புக்கு 1929, பெண்களுக்கு 1938, மனநல ஆலோசனைக்கு 1926 ஆகிய இலக்கங்களை ஒவ்வொரு மாணவியும் மனனம் செய்துகொள்வது நல்லது.

ஒக்டோபர் 11 இல் தம்பி முகக்கவசத்தோடு புலமைப்பரிசில் பரீட்சை எழுதினான். அதே மாதம் கொட்டாஞ்சேனை மீண்டும் முடக்கப்பட்டது. இம்முறை நாங்கள் கைதட்டவில்லை. தம்பி பழைய நேரசூசியைத் தேடியெடுத்துச் சுவரில் ஒட்டினான்.

சகோதரிகளே, மூத்த பிள்ளைகளாகிய நாம் வீட்டில் பாதிப் பெற்றோர். பாடம் சொல்லிக் கொடுப்பதும் வேலையில் உதவுவதும் நமது கடமைகள். ஆனால் நான் கற்ற பாடம் அவற்றுக்கு முந்தியது: தவறு நம்முடையதாக இருந்தால் அந்தக் கணமே சொல்லிவிட வேண்டும். இரண்டு நாள் மௌனத்தின் விலையை என் தம்பி கொடுத்தான்.