சம்பளப் புத்தகமும் எட்டாம் கற்பனையும்

கர்த்தருக்குள் பிரியமுள்ள மருமகனுக்கு மாமன் எழுதிக்கொள்வது.

திடப்படுத்தல் பெற்ற கையோடு நீ கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆபீஸில் கணக்கெழுதச் சேர்ந்திருக்கிறாய் என்று உன் தாயார் எழுதியிருந்தாள், மிகுந்த சந்தோஷம். பத்துக் கற்பனைகளையும் குருவானவர் முன் பிழையின்றி ஒப்புவித்த உனக்கு, அவை இனி அன்றாடம் உன் மேஜைக்கே வந்து நிற்கும் விதத்தைச் சொல்வது என் கடமையென்று கருதி இதை எழுதுகிறேன்.

நம் கரிசல் பூமி வானம் பார்த்த பூமி. மழை பொய்த்த வருஷத்தில் பருத்தியும் கம்பும் கைவிட்ட குடும்பங்களுக்குக் கஞ்சி வார்ப்பது, 1920-களில் சிவகாசிக்காரர் இருவர் கல்கத்தாவுக்குப் போய்க் கற்றுவந்த இந்தத் தீப்பெட்டித் தொழிலே. கட்டை அடுக்கும் ஒரு ஸ்திரீயைச் சற்று நின்று கவனித்துப் பார். குச்சிகளை ஒவ்வொன்றாகச் சட்டத்தின் பள்ளங்களில் வைத்து, வரிசை மேல் வரிசையாக ஏற்றி, ஒன்றும் சாயாதபடி விரலால் தட்டிச் சமன்செய்து, முதுகு நோக அவள் முடித்த கட்டைகளுக்குத்தான் கூலி. அவற்றில் ஒன்றைக் 'கழிவு' என்று நீ பென்சிலால் அடித்துவிட்டால், எழுத்தறியாத அவள் உன்னை எதிர்த்து என்ன சொல்ல முடியும்? எட்டாம் கற்பனை விலக்கும் களவென்றால் பூட்டை உடைப்பது என்றே நம்மவரில் அநேகர் எண்ணியிருக்கிறார்கள். மோசேயின் நியாயப்பிரமாணமோ ஒரே பையில் இருவிதப் படிக்கல் வைத்திருப்பதையும், கூலிக்காரனுடைய கூலியை விடியுமட்டும் நிறுத்திவைப்பதையும் வெளிப்படையாகத் தடுக்கிறது. உன் பென்சிலும் ஒரு படிக்கல்தான் அப்பா.

ஓய்வுநாள் கற்பனை இன்னும் நுட்பமானது. அது வேலைக்காரனுக்கும் வேலைக்காரிக்கும் வாசலில் தங்கிய அந்நியனுக்கும், மாட்டுக்குங்கூட இளைப்பாறுதல் கேட்கிறது. அவர்கள் எந்தச் சாமியைக் கும்பிடுகிறார்கள் என்று விசாரிப்பதில்லை. சனிக்கிழமை சாயங்காலம் வீடுகளுக்குப் பெட்டி ஒட்டக் கொடுத்தனுப்பி, திங்கட்கிழமை காலையில் வந்து சேரவேண்டுமென்று சொல்லிவிட்டு, மறுநாள் நீ கோவிலில் ஞானப்பாட்டுப் பாடிக்கொண்டிருந்தால், உன் ஓய்வுநாளை அந்த வீடுகளின் பெண்களல்லவா உழைத்துக் கொடுக்கிறார்கள்?

இதை எழுதும்போது மிஷனெரி ராக்லாந்து ஐயரை நினைத்துக்கொள்கிறேன். கேம்பிரிட்ஜ் கல்லூரி வாழ்க்கையையும், சென்னையில் வகித்த மிஷன் காரியதரிசிப் பதவியையும் விட்டுவிட்டு, 1854 முதல் வடதிருநெல்வேலிக் கிராமங்களில் கூடாரம் அடித்துத் தங்கி ஊழியம் செய்து, 1858-இல் சிவகாசியில் மரித்தவர் அவர். அவருடைய பிரசங்கங்களைக் காட்டிலும் அந்தக் கூடார வாசமே எனக்குப் பெரிதாகப் படுகிறது. துணிச்சுவருக்குள் வாழ்கிறவன் சமையற்காரனிடம் பேசும் பேச்சுங்கூட ஊர் ஜனங்களின் காதில் விழாமற்போகுமா? உன் மேஜையும் அப்படி எல்லாரும் பார்க்கும் இடந்தான்.

முதலாளியே கட்டையைக் கழிக்கச் சொன்னால் என்ன செய்வது என்று கேட்பாய். பழுதான கட்டையைக் கழிப்பது நியாயமே. அதை அடுக்கிய ஸ்திரீயின் கண்முன் எடுத்துக் காட்டி, எழுதியதை அவளுக்கு வாசித்துச் சொல்லிவிட்டே கழிப்பேன் என்று தாழ்மையோடும் தெளிவாகவும் சொல். அதனால் வேலைக்கு மோசம் வருமென்று தோன்றினால் தாமதியாமல் எனக்கு எழுது. வேறிடம் கிடைக்கும்வரை நம் வீட்டில் உனக்குச் சோறுண்டு.

இங்ஙனம்,
உன் மாமன்