குதிரைக் கால் எலும்பு: எந்தப் படம் எதற்கு?

குதிரையின் முன்காலில் முழங்கால் என்று நாம் சொல்லும் மூட்டு, உடற்கூற்றின்படி மனிதனின் மணிக்கட்டு. அதற்குக் கீழே தசை என்று சொல்லத்தக்கது ஏதும் இல்லை. நீண்ட கேனன் எலும்பு, அதை ஒட்டி இருபுறமும் மெல்லிய ஸ்பிளிண்ட் எலும்புகள், கேனனின் கீழ்முனையிலுள்ள ஃபெட்லாக் மூட்டின் பின்னால் இரண்டு செசமாய்டு எலும்புகள், மூன்று விரலெலும்புகள், குளம்புக்குள் ஒளிந்திருக்கும் படகு வடிவ நாவிகுலர். பாய்ந்தோடும்போது சுமார் 500 கிலோ உடலை ஒரு கணம் ஒற்றைக் கால் தாங்கும்.

நொண்டும் குதிரைக்கு வலி எந்த இடத்தில் என்று நமக்குத் தெரியுமா, தெரியாதா என்பதிலிருந்தே தேர்வு தொடங்குகிறது. இடம் தெரிந்தால் முதலில் எக்ஸ்-ரே. கருவியைத் தொழுவத்துக்கே கொண்டுபோகலாம், செலவும் குறைவு. ஆனால் ஒரு கோணம் போதாது. ஃபெட்லாக்குக்கு முன்பின், பக்கவாட்டு, மடக்கிய பக்கவாட்டு, இரண்டு சாய்வுப் படங்கள் வேண்டும். குளம்பைப் படம் எடுக்கும்போது லாடத்தைக் கழற்றி, அடிப்பள்ளங்களைச் சுரண்டிச் சுத்தம் செய்து, குழந்தைகள் விளையாடும் களிமண் போன்ற பசையால் அடைக்க வேண்டும். இல்லாவிட்டால் பள்ளத்தில் நிற்கும் காற்று, கருங்கோடாக விழுந்து எலும்பு முறிவு போலவே தோன்றும்.

எக்ஸ்-ரே சுத்தமாக இருப்பதால் எலும்பும் நலம் என்று ஆகிவிடாது. தாதுச்சத்து 30 முதல் 50 சதவீதம் வரை குறைந்த பிறகே எலும்பு அரிப்பு படத்தில் தெரியும். மயிரிழை விரிசல் முதல் நாளில் அகப்படாமல், 10 முதல் 14 நாள் கழித்து எடுக்கும் படத்தில் வெளிப்படுவது உண்டு. அதுவரை குதிரையைக் கொட்டடியை விட்டு வெளியே விடக்கூடாது.

அல்ட்ராசவுண்ட் எலும்புக்குள் ஊடுருவாது. மேற்பரப்பையும் தசைநார் எலும்பில் ஒட்டும் இடத்தையும் பார்க்க மட்டும் உதவும்.

வலியின் இடமே பிடிபடாத குதிரைக்கு எலும்பு ஸ்கேன். டெக்னீசியம்-99எம் கலந்த மருந்தை ஊசியில் செலுத்தி இரண்டு மூன்று மணி நேரம் கழித்து எடுத்தால், எலும்பு வளர்சிதை மிகுந்த இடங்கள் ஒளிரும். கோளாறு எங்கே என்று காட்டும். என்ன கோளாறு என்று சொல்லாது.

பலரும் தடுமாறுவது சி.டி., எம்.ஆர்.ஐ. இரண்டுக்கும் இடையில்தான். விரிசல் எந்த வழியாக ஓடுகிறது, எத்தனை துண்டு, திருகாணி எங்கே போடலாம் என்ற கேள்விகளுக்கு சி.டி. எலும்பின் உள்ளே நீர் கோத்திருக்கிறதா, நாவிகுலரை ஒட்டிய தசைநாண் கிழிந்திருக்கிறதா என்றால் எம்.ஆர்.ஐ. இரண்டிலும் நிற்க வைத்து எடுக்கும் கருவிகள் வந்துவிட்டன. நிற்கும் எம்.ஆர்.ஐ.யின் காந்தப்புலம் 0.27 டெஸ்லா மட்டுமே. குதிரை அசைந்தாலும் படம் கலையும். 1.5 டெஸ்லா கருவியில் படம் கூர்மை, ஆனால் முழு மயக்கம் தேவை. முழு மயக்கத்தில் நூற்றுக்கு ஏறத்தாழ ஒரு குதிரை இறக்கிறது என்பதால், குளம்பு வலிக்கு நிற்கும் எம்.ஆர்.ஐ.யை முதலில் முயல்வதே விவேகம். எதுவானாலும் லாட ஆணியின் துணுக்குகூட குளம்பில் தங்கியிருக்கக்கூடாது. அதை உறுதிசெய்யவும் எக்ஸ்-ரேயே வேண்டும்.

பந்தயக் குதிரைகளின் கணக்கு வேறு; அங்கே நொண்டுவதற்கு முன்பே கண்டுபிடிக்க வேண்டும். 2020 மெல்போர்ன் கோப்பையில் ஆண்டனி வான் டைக் என்ற குதிரை ஃபெட்லாக் முறிந்து கருணைக்கொலை செய்யப்பட்ட பிறகு, அங்கு ஓடவரும் வெளிநாட்டுக் குதிரைகளுக்கு 2021 முதல் சி.டி. கட்டாயமாயிற்று. கலிபோர்னியாவின் சாண்டா அனிடா திடலிலோ 2019 இறுதியில் நிற்கும் பெட் (PET) ஸ்கேன் நிறுவப்பட்டது. கதிரியக்க ஃபுளோரைடு சேரும் இடத்தைக் கொண்டு, வடிவம் மாறும் முன்பே செசமாய்டின் அழுத்தத்தை அது காட்டிவிடும்.

விரிசல் இருக்கலாம் என்ற ஐயம் எழுந்தால், வலியின் இடமறிய நரம்பை மரக்கச்செய்யும் ஊசியைப் போடுமுன் எக்ஸ்-ரே எடுத்துவிட வேண்டும். மரத்த காலைக் குதிரை முழு எடையோடு ஊன்றினால் விரிசல் முறிவாகிவிடக்கூடும்.