நெல் வயல் சிலந்தியும் அதன் நஞ்சும்

நெற்பயிரின் அடித்தண்டில் கூட்டமாக அமர்ந்து சாற்றை உறிஞ்சும் புகையானுக்கு வயலிலேயே ஓர் எதிரி உண்டு. அது ஓநாய்ச் சிலந்தி. இது வலை பின்னி இரைக்காகக் காத்திருப்பதில்லை. குத்துகளின் அடியிலும் நீரின் மேலும் ஓடித் திரிந்து, நாளொன்றுக்கு 5 முதல் 15 பூச்சிகள் வரை பிடித்துத் தின்னும். தாய்ச் சிலந்தி முட்டைப் பையை வயிற்றின் நுனியில் சுமந்து செல்வதைக் கொண்டு இதை எளிதில் அடையாளம் காணலாம்.

நஞ்சின் தன்மை

சிலந்தியின் நஞ்சு ஒரே பொருள் அன்று. பல நுண்ணிய புரதப் பொருள்களின் கலவை. கடித்தவுடன் அவை பூச்சியின் நரம்புகளைத் தாக்கி, அதை அசையாமல் செய்துவிடும். பின்னர் சிலந்தி செரிமான நீரைச் செலுத்தி, பூச்சியின் உட்பகுதியைக் கரைத்து உறிஞ்சும்.

உண்ணும் இரைக்கு ஏற்ப இந்த நஞ்சு தலைமுறை தலைமுறையாக மாறி அமைந்துள்ளது. ஐரோப்பாவில் எறும்புகளையே வேட்டையாடும் சோடேரியன் என்ற சிலந்தியின் நஞ்சு எறும்பை விரைவில் வீழ்த்தும். கருப்பு விதவைச் சிலந்தியின் நஞ்சிலோ பூச்சிகளைத் தாக்க ஒரு பொருளும், நண்டு இனங்களைத் தாக்க வேறொன்றும், முதுகெலும்புள்ள உயிர்களைத் தாக்க மற்றொன்றும் உள்ளன. ஓநாய்ச் சிலந்தியின் இரை பெரும்பாலும் பூச்சிகளே. கையில் பிடித்தால் கடிக்கும், வலிக்கும். மனிதருக்கு அதனால் பெரிய தீங்கு இல்லை.

தெளிக்கும் முன் எண்ணுங்கள்

மருந்துக்கு இந்தப் பாகுபாடு கிடையாது. புகையானோடு சிலந்தியும் மடியும். இலையுறைக்குள் இருக்கும் புகையானின் முட்டைகளோ தப்பிவிடும். அவை பொரிக்கும்போது வயலில் எதிரி இராது. செயற்கை பைரித்ராய்டு மருந்துகளைத் தெளித்த வயல்களில் புகையான் மீண்டும் பெருகுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆகவே, வயலின் குறுக்கே நடந்து, ஆங்காங்கே குத்துகளை விலக்கி அடிப்பகுதியைப் பார்க்கவும். சிலந்தி இல்லாத வயலில் தூருக்கு 1 புகையான் இருந்தால் மருந்து தேவை. குத்துக்கு 1 சிலந்தி இருந்தால் தூருக்கு 2 புகையான் வரை பொறுக்கலாம். அதாவது 20 தூர் உள்ள குத்தில் சிலந்தி இல்லையெனில் 20 புகையான், சிலந்தி இருந்தால் 40 புகையான் என்பதே அளவு.

இந்த அளவை எட்டாத வயலில் மருந்துச் செலவு வீண். அங்கே சிலந்தியே அந்த வேலையைக் கூலியின்றிச் செய்துவிடும்.